உப்புத்திட்டுக்கு வழி

"அம்மா, இந்தக் கழிமுகம் என்னைத் தோற்கடித்துவிட்டது" என்றார் மருதவாணர்.

செங்கமலத்தம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எப்படி?"

"நான் வழிகளைப் பார்த்து முடிப்பதற்குள் வழிகள் மாறிவிடுகின்றன."

"மாறட்டுமே."

"மாறினால் கேட்கிறவர்களுக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?"

அம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

"கீரையை முடித்துவிட்டு வருகிறேன்" என்றார்.

*

ஆறு கடலைச் சேரும் இடம் அது. சேர்வதற்கு முன் பல கிளைகளாகப் பிரிந்துவிடும். கிளைகளுக்கு நடுவே திட்டுகள். ஒவ்வொரு திட்டிலும் சில குடும்பங்கள்.

ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஓர் இடத்தில் மூங்கில் பாலம். ஓர் இடத்தில் தோணி. ஓர் இடத்தில், ஏறி இறங்கும் கடல்நீரான ஓதம் வற்றும்போது மட்டும் வெளியே வரும் மணல்வழி.

எதுவும் நிலையில்லை. இன்று நடந்த மணல் நாளை கரையும். பாலம் சாயும். தோணிக்காரனுக்குக் காய்ச்சல் வரும். சாய்ந்த பாலத்தை யாரோ நிமிர்த்துவார்கள். கரைந்த மணல் வேறொரு பக்கம் மேடிடும்.

நடுத்திட்டில் ஒரு மடம் இருந்தது. மடத்துக்கு ஒரே கடமைதான்.

வருகிறவர்கள் கேட்பார்கள். இன்ன திட்டிலிருந்து இன்ன திட்டுக்கு இன்றைக்குப் போக முடியுமா?

மடம் சொல்ல வேண்டும். முடியும். அல்லது, முடியாது.

முடியும் என்று சொல்லி அது தப்பானால், போனவர் பாதி வழியில் ஓதத்தில் மாட்டுவார். முடியாது என்று சொல்லி அது தப்பானால், தகப்பனுக்குக் கொள்ளி வைக்க மகன் வராமல் போவான்.

மடத்தை நடத்திய செங்கமலத்தம்மைக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். மருதவாணர் அறுபதைத் தாண்டியவர். அரசனின் படைக்கு வழி அமைத்தவர். காட்டை வெட்டிப் பாதை போட்டவர். எதிரி விழிப்பதற்குள் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் நிறுத்தியவர். ஒரு நாள் எல்லாம் போதும் என்று தோன்றி, மடத்து வாசலில் வந்து நின்றார்.

அம்மை அவருக்கு இந்த வேலையைக் கொடுத்தார்.

"தியானம் சொல்லித் தருவீர்கள் என்று வந்தேன்" என்றார் மருதவாணர்.

"இதுதான்" என்றார் அம்மை.

*

மருதவாணர் கழிமுகம் முழுவதையும் மடத்து முற்றத்தில் பரப்பியிருந்தார். திட்டுக்கு ஒரு கல். வழிக்கு ஒரு கயிறு, இரண்டு கல்லுக்கும் நடுவே; எந்த வழி என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஓர் அடையாள முடிச்சு.

முற்றம் முழுக்கக் கயிறு. கால் வைக்க இடமில்லை. அம்மையே சுவரோரமாகத்தான் நடப்பார்.

ஒரு பாலம் விழுந்தது என்று செய்தி வந்தால் மருதவாணர் அதன் கயிற்றை எடுப்பார். பிறகு முதல் கல்லில் தொடங்கி, கயிறு கயிறாகத் தொட்டுக்கொண்டு போய், எல்லாக் கல்லையும் அடைய முடிகிறதா என்று பார்ப்பார். பார்த்து முடிப்பதற்குள் அடுத்த செய்தி வரும்.

மறுபடியும் முதல் கல்.

வெளியே ஆட்கள் காத்திருப்பார்கள்.

"சாமி, பொழுது சாயுதுங்க."

"இருங்கள், பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"போவலாமா கூடாதான்னு மட்டும் சொல்லுங்க."

"இருங்கள் ஐயா!"

அவருடைய புகார் இதுதான்.

கீரையை முடித்துவிட்டு அம்மை வந்தார். முற்றத்தை ஒரு முறை பார்த்தார். குனிந்து ஒரு கயிற்றை உருவினார்.

"அம்மா! அது பனந்திட்டுத் தோணி!"

"தோணி இல்லாவிட்டால் பனந்திட்டுக்குப் போக முடியாதோ?"

"புங்கந்திட்டு வழியாகப் போகலாம். சுற்றுவழி."

"போகலாம் அல்லவா?"

"போகலாம்."

அம்மை கயிற்றைச் சுருட்டிக் கூடையில் போட்டார். அடுத்ததை உருவினார்.

"இது?"

"நரித்திட்டு மணல்வழி. அதற்கும் வேறு வழி இருக்கிறது."

அதுவும் கூடைக்குப் போனது.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கயிற்றுக்கும் மருதவாணர் வெயிலில் நடந்திருந்தார்.

கடைசியில் அம்மை ஒரு கயிற்றில் கை வைத்தபோது மருதவாணர் சொன்னார்: "அதை எடுத்தால் கொக்குத்திட்டு தனித்துவிடும்."

அம்மை கையை எடுத்தார். அடுத்த கயிற்றைப் பார்த்தார்.

"அதை எடுத்தாலும் ஒரு கல் தனித்துவிடும்" என்றார் மருதவாணர். "இனி எதை எடுத்தாலும் அப்படித்தான்."

"அப்படியானால் நிறுத்திக்கொள்வோம்."

முற்றத்தில் இப்போது கால் வைக்க இடம் இருந்தது. ஒரு மரத்தின் கிளைகளைப் போலக் கயிறுகள் விரிந்து கிடந்தன. எங்கும் சுற்று இல்லை. எல்லாக் கல்லும் சேர்ந்திருந்தன.

மருதவாணர் கூடையைப் பார்த்தார். அது நிரம்பி வழிந்தது.

"இவை எல்லாம் பொய்யான வழிகளா அம்மா?"

"மெய்யான வழிகள்தான். இன்றைக்கு உமக்கு வேண்டாதவை. எறிந்துவிடாதீர்."

*

மறுநாள் பனந்திட்டிலிருந்து ஒருவர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சாமி, எங்க ஊருக்கும் நரித்திட்டுக்கும் புதுப் பாலம் போட்டுட்டோம்."

மருதவாணர் கயிற்றை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். கல்லருகே குனிந்தார். நின்றார்.

அம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

"நேற்று பனந்திட்டிலிருந்து நரித்திட்டுக்குப் போக முடிந்ததா?" என்றார் அம்மை.

"முடிந்தது."

மருதவாணர் கயிற்றைக் கூடையில் போட்டார்.

வந்தவருக்கு முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவுதானுங்களா? ஊரே சேந்து கட்டினோமே."

"நல்ல பாலம் ஐயா" என்றார் அம்மை. "எங்களுக்கு அது தேவைப்படாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்."

*

மருதவாணர் வேகமாகக் கற்றுக்கொண்டார்.

கூடையில் இருக்கும் வழி ஒன்று அழிந்தது என்று செய்தி வந்தால், அந்தக் கயிற்றைத் தேடி எறிவார். முற்றத்தில் எதுவும் மாறாது.

முற்றத்தில் இருக்கும் வழி அறுந்தால் மட்டும் எழுந்து நிற்பார். கற்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கும். கூடையில் கை விடுவார். இந்தக் கூட்டத்தையும் அந்தக் கூட்டத்தையும் சேர்க்கிற கயிறு ஒன்று அகப்படும். அதை எடுத்துப் போடுவார். கழிமுகம் மறுபடி ஒன்றாகிவிடும்.

வாசலில் இப்போது கூட்டம் நிற்பதே இல்லை.

"சாமி, புங்கந்திட்டுக்கு..."

"போகலாம். பனந்திட்டு சுற்றிப் போங்கள். அடுத்து யார்?"

"சாமி, நான் நரித்திட்டு..."

"நேர் வழி இல்லை. தோணியில் போங்கள். அடுத்து?"

திட்டுகளில் அவர் பேர் பரவியது. கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள் சோதிடரிடம் போவதற்கு முன் அவரிடம் வந்தார்கள்.

ஒரு நாள் பகல் அவர் அம்மையிடம் சொன்னார்: "அம்மா, கழிமுகம் இப்போது என் கையில்."

"கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட வாரும்" என்றார் அம்மை.

*

கோடையில் ஒரு நாள் கடல் உள்ளே ஏறியது.

மழை இல்லை. மேகம்கூட இல்லை. எங்கோ தூரத்தில் அடித்த காற்று, கடலைக் கழிமுகத்துக்குள் தள்ளியது. அலை புங்கந்திட்டுக்கும் கொக்குத்திட்டுக்கும் நடுவே இருந்த பாலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது.

மருதவாணர் அந்தக் கயிற்றை எடுத்தார்.

கற்கள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பக்கம் கழிமுகம் முழுவதும். மறுபக்கம் இரண்டே கல். கொக்குத்திட்டு. அதை ஒட்டி உப்புத்திட்டு.

அவர் கூடையில் கை விட்டார். துழாவினார். கூடையைக் கவிழ்த்தார். ஒவ்வொரு கயிறாகப் பிரித்துப் பார்த்தார்.

அந்த இரண்டு கல்லையும் சேர்க்கிற கயிறு ஒன்றுகூட இல்லை.

உப்புத்திட்டில் உப்பு விளைகிறது. கிணறு இல்லை. தோண்டினால் கடல்தான் ஊறும். நடுத்திட்டு ஊற்றிலிருந்து தினமும் காலையில் பாலம் வழியாகக் குடங்கள் போகும். அதைத்தான் அந்த இரண்டு திட்டு மக்களும் குடித்தார்கள்.

மருதவாணர் புங்கந்திட்டுக் கரைக்கு ஓடினார். எதிர்க்கரையில் கூட்டம் நின்றது. நடுவே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. காற்று நின்ற நேரம் பார்த்து அங்கிருந்து ஒரு குரல் வந்தது.

"அலை வீட்டுக்குள்ள பூந்துடுச்சு சாமி! பானையெல்லாம் உப்பு! நாலஞ்சு பானைதான் மிச்சம்!"

ஒரு தோணியை இறக்கிப் பார்த்தார்கள். சுழல் அதைத் திருப்பிக் கரையில் அறைந்தது. பலகை பிளந்தது. தோணிக்காரர் கை ஒடியாமல் பிழைத்தது பெரிய காரியம்.

"இன்னொரு வழி இருக்கும்" என்றார் மருதவாணர். "இந்தப் பக்கம் இத்தனை திட்டுகள். யாருக்காவது தெரிந்திருக்கும்."

அவர் கிளம்பினார்.

*

பனந்திட்டில் கேட்டார். புங்கந்திட்டில் வீடு வீடாகக் கேட்டார். ஒருவர் தன் தாத்தா காலத்தில் ஒரு வழி இருந்தது என்றார். ஒருவர் கனவில் பார்த்த வழியைச் சொன்னார். இன்னொருவர் சொன்ன இடத்துக்குப் போய்ப் பார்த்தால் இடுப்பளவு ஆழம், அதற்கு மேல் இழுப்பு.

நரித்திட்டின் கடைசி வீட்டில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். பேர் வீரையன். பக்கத்தில் அவர் மனைவி பூங்காவனம் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"இங்கிருந்து கொக்குத்திட்டுக்கு வழி உண்டா?" என்றார் மருதவாணர்.

பூங்காவனம் வாயைத் திறந்தாள். கணவனைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க சாமி" என்றாள்.

"அந்தப் பக்கம் எங்களுக்கு யாரும் கெடையாது" என்றார் வீரையன். வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடுவுல கண்டல் காடு. அதுக்கு அப்புறம் சேறு. ஆளை முழுங்கும்."

மருதவாணர் அடுத்த திட்டுக்குப் போனார்.

மறுநாள் நண்பகலில் மடத்துக்குத் திரும்பினார். கால் வீங்கியிருந்தது. ஆனால் முதுகு நேராக இருந்தது. முடிவு எடுத்துவிட்டவரின் நடை.

"வழி இல்லை அம்மா. எல்லோரையும் கேட்டுவிட்டேன். பாலம் கட்டப் போகிறேன். இதைவிட மோசமான ஆற்றில் கட்டியிருக்கிறேன்."

"எத்தனை நாளில்?"

"நான்கு நாள். ஆள் கிடைத்தால் மூன்று."

"அவர்களிடம் தண்ணீர் எத்தனை நாளைக்கு இருக்கிறது?"

மருதவாணர் வீங்கிய காலை மாற்றி ஊன்றினார்.

அவர் முதுகு சற்று வளைந்தது.

*

அம்மை உள்ளே போய் ஒரு மூட்டை நெல் கொண்டு வந்தார். மருதவாணர் முற்றத்துக் கற்களையே பார்த்துக்கொண்டிருக்க, தரையில் ஒரு நூலை நீளமாக இட்டார். அதன் ஒரு முனைமேல் நெல்லைக் கொட்டினார். பெரிய குவியல். அதற்குச் சற்றுத் தள்ளி, மறுமுனைமேல் ஒரு கைப்பிடி நெல்லை வைத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு பாயை விரித்தார்.

"பாய்க்கு அடியில் ஒரு நூல் ஓடுகிறது. ஒரு முனை இந்த நெல்லில். இன்னொரு முனை அந்த நெல்லில். பாயைத் தொடாமல் நூலை எடும்."

"அம்மா, இப்போது இதற்கெல்லாம்..."

"எடும்."

மருதவாணர் பெரிய குவியலின் முன் மண்டியிட்டார். இரண்டு கையாலும் நெல்லை வாரினார். இறைத்தார். தூசி எழுந்தது. இருமினார். இன்னும் வாரினார்.

அம்மை எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். கைப்பிடி நெல்லை ஒரு விரலால் தள்ளினார். நூல் முனை தெரிந்தது. பிடித்து இழுத்தார்.

பெரிய குவியலுக்குள்ளிருந்து, மருதவாணரின் கைகளுக்கு நடுவே, நூல் சரசரவென்று ஓடியது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எந்தக் கரையில் கேட்டீர்?" என்றார் அம்மை.

"இந்தக் கரையில்."

"ஏன்?"

"அவர்கள் மாட்டிக்கொண்டவர்கள். அவர்களைப் போய் என்ன கேட்பது என்று..."

சொல்லி முடிக்கவில்லை. எழுந்தார். வீங்கிய காலோடு புங்கந்திட்டுக் கரைக்கு நடந்தார்.

*

எதிர்க்கரையில் கூட்டம் குறைந்திருந்தது. நிற்க முடிந்தவர்கள் நின்றார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பாலம் எப்ப சாமி கட்டுவீங்க?" என்று ஒரு குரல் வந்தது. நேற்றைவிட மெலிந்த குரல்.

"பாலத்தை விடுங்கள்!" என்று மருதவாணர் கத்தினார். "உங்களைக் கேட்க வந்திருக்கிறேன்! இந்தப் பாலம் வழியாக இல்லாமல் யாராவது எப்போதாவது வெளியே போனதுண்டா?"

எதிர்க்கரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாராக இருந்தாலும் சரி! எதற்குப் போனீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்! எங்கே கால் வைத்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்!"

காற்று அடித்தது. நின்றது.

இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி முன்னால் வந்தாள். ஓர் ஆண் அவள் தோளைப் பிடித்தான். அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள்.

"நான் போயிருக்கேன் சாமி."

"எங்கே?"

"நரித்திட்டுக்கு. எங்க அக்கா வீட்டுக்கு."

அந்தக் கரையில் சலசலப்பு எழுந்தது. தோளைப் பிடித்தவன் அவளையே பார்த்தான்.

"கண்டல் காட்டுக்குப் பின்னால, ஓதம் நல்லா வத்துறப்போ, சேத்துல ஒரு கெட்டி வரி தெரியும். அதுமேலயே வரணும். நான் அந்தக் காடு முடியிற வரைக்கும் வருவேன். மிச்சத்துக்கு எங்க அக்கா எதிர்ல வந்து கூட்டிக்கிட்டுப் போவும். அந்தப் பாதி எனக்குச் சரியாத் தெரியாது."

"உன் பேர் என்னம்மா?"

"வேம்பு."

"உன் அக்கா?"

"பூங்காவனம்."

மருதவாணருக்கு ஒரு வாய் திறந்து மூடியது நினைவுக்கு வந்தது.

*

மறுநாள் விடிந்ததும் ஓதம் வற்றத் தொடங்கியது. நடுத்திட்டிலிருந்து ஆட்கள் குடங்களோடு நரித்திட்டுக்கு வந்தார்கள். மருதவாணர் தன் தோளிலும் ஒரு குடம் வைத்திருந்தார். அம்மையும் வந்திருந்தார்.

கரையில் வீரையன் நின்றுகொண்டிருந்தார். கையில் தோணி தள்ளும் கழி.

"இது எங்க கரை" என்றார். "யாரும் எறங்கக் கூடாது."

வேம்பு சொன்னது அதற்குள் நரித்திட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

வீரையனும் வேம்புவின் புருசனும் சகலைகள். ஒரு காலத்தில் ஒரே வலை இழுத்தவர்கள். வாய்க்கால் முனையில் யார் வலை கட்டுவது என்று வந்த தகராறில் ஒருவர் அரிவாளை எடுத்தார், மற்றவர் மண்ணை வாரித் தூற்றினார். அதன் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அக்கா தங்கை பார்த்துக்கொள்ளவும் கூடாது என்று இரண்டு ஆண்களும் அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

"வழின்னு எதுவும் கெடையாது" என்றார் வீரையன். "அவ பொய் சொல்றா. எறங்கினா சேறு முழுங்கும். அப்புறம் பழி என் தலையில."

மருதவாணரின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் பின்னால் திடமான ஆட்கள் நின்றார்கள். எதிரே ஒரே ஒருவர். இதைவிடப் பெரிய ஆட்களை அவர் வழியிலிருந்து அகற்றியிருக்கிறார்.

அம்மையைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மை கவிழ்த்து வைத்த ஒரு தோணியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சேலையில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, நேரம் போகிறது. ஓதம் திரும்பிவிடும். வழி இருக்கிறதா, இல்லையா?"

"என்னைக் கேட்டால் எனக்கு என்ன தெரியும்?" என்றார் அம்மை. "நான் நடுத்திட்டுக்காரி."

மருதவாணர் நின்றார். குடத்தை இறக்கி மணலில் வைத்தார். வீரையனுக்கு முன்னால் போனார். கழி எட்டும் தூரத்துக்குள்.

"ஐயா" என்றார். "நேற்று முன்தினம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். அவசரத்தில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போய்விட்டேன். இப்போது கேட்கிறேன். அங்கே குழந்தைகளுக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது. எனக்கு இந்தக் கரை தெரியாது. உங்களுக்குத் தெரியும். நாங்கள் போக முடியுமா?"

அதட்டினால் திருப்பி அதட்ட வீரையன் தயாராக இருந்தார். தள்ளினால் அடிக்கவும் தயாராக இருந்தார்.

இப்படிக் கேட்டதும் கழியின் முனை மணலில் இறங்கியது.

அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து பூங்காவனம் வந்தாள். இடுப்பில் நிறைகுடம். புருசனைப் பார்க்கவில்லை. நடந்து வந்து, குடம் சுமந்தவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள்.

தூரத்தில் தண்ணீர் சேற்றை விட்டு விலகும் சத்தம் மட்டும் கேட்டது.

வீரையன் மனைவியின் குடத்தைப் பார்த்தார். சேற்றைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"இப்படி நின்னுகிட்டே இருந்தா தண்ணி திரும்பிடும்" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டினார். மருதவாணர் இறக்கி வைத்த குடத்தைத் தூக்கித் தன் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க. நான் கால் வைக்கிற எடத்துல கால் வையுங்க. அந்தச் சாஞ்ச தில்லை மரத்துக்கு வலப்பக்கம் யாரும் போவாதீங்க. அங்க பொதைசேறு. அதைத் தாண்டினா கொஞ்ச தூரம் கணுக்கால் அளவுதான். அப்புறம் வேர் தட்டும், பார்த்து வாங்க."

கழியால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டு அவரே முதலில் இறங்கினார்.

*

கண்டல் காட்டின் நடுவில் வேம்பு முழங்கால் சேற்றில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் அவள் புருசன். கையில் வெறும் குடம்.

வீரையன் அவனருகே போனதும் நின்றார். வீரையன் தோளைச் சாய்த்தார். சகலை தன் தோளைக் கொடுத்தான். குடம் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்குப் போனது. ஒரு சொட்டு சிந்தவில்லை.

குழந்தைக்கு அங்கேயே, சேற்றில் நின்றபடியே, தண்ணீர் புகட்டினார்கள். வேம்பு கடைசியாகத்தான் குடித்தாள். குடித்துவிட்டு அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஓதம் திரும்பும் வரை குடங்கள் போய்க்கொண்டிருந்தன. காலி குடங்கள் வந்துகொண்டிருந்தன. அன்றைக்கு இரண்டு திட்டிலும் எல்லா வீட்டிலும் உலை கொதித்தது.

கடைசி ஆள் நரித்திட்டில் கரையேறியபோது தண்ணீர் அவர்கள் நடந்து வந்த தடத்தை மூடிக்கொண்டிருந்தது. மருதவாணர் மணலில் கால் நீட்டி உட்கார்ந்தார். அம்மை அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கத் தோன்றாமல்.

சற்றுத் தள்ளி பூங்காவனம் கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீரையன் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அந்தத் தில்லை மரம்" என்றாள் பூங்காவனம் மெதுவாக. "பொதைசேறு. கணுக்கால் அளவு. இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

வீரையன் வேட்டியை உதறினார்.

"தங்கச்சியப் பாக்க நீ போறப்பல்லாம்" என்றார், "திரும்பிக் கரையேறுற வரைக்கும் நான் எங்க நின்னுகிட்டிருந்தேன்னு நெனச்சே?"